பக்கத்து வீட்டைவிட ஒரு வரிசை

என் அண்ணன் வீடு தூக்குகிறவர். வீடு கட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குக் கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஒருவர் கட்டி, குடிபோய், பிள்ளை பெற்று, சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டி, வேண்டிய மட்டும் சண்டை போட்டு முடித்த வீட்டை, அப்படியே அடியோடு தூக்கி உயரத்தில் நிறுத்துவது அண்ணனின் வேலை. "தூக்கினப்புறம் உள்ள போய்ப் பாருங்க. காலண்டர் கோணியிருந்தா எனக்குக் கூலி வேணாம்" என்பார். இதுவரை எந்த வீட்டிலும் காலண்டர் கோணியதில்லை. முன்பே கோணியிருந்த காலண்டர்களை வேலை தொடங்குவதற்கு முன் அவரே நேராக்கி வைத்துவிடுவார் என்பது எனக்கும் அண்ணிக்கும் மட்டும் தெரியும்.

அந்த வேலையைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். சுவர் ஓரமாக மண்ணைத் தோண்டி, அடித்தளத்தில் சின்னச் சின்னப் பொந்துகள் போடுவார்கள். ஒவ்வொரு பொந்திலும் இரும்புச் சட்டத்தைச் செருகி, அதன் கீழே லாரிக்கு வைப்பதைப் போல ஒரு ஜாக்கி வைப்பார்கள். வீட்டுக்கு வெளியே சுற்றிலும், உள்ளே அறைக்கு அறையும், ஆட்கள் குந்தியிருப்பார்கள். அண்ணன் நடுக்கூடத்தில் நின்று விசில் ஊதுவார். ஒரு ஊதலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்புவார்கள். அடுத்த ஊதலுக்கு இன்னொரு கால் சுற்று. வீடு எழும்புவது கண்ணுக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதுதான் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டே போவார்கள்.

"ஒருத்தன் முந்தக் கூடாது, ஒருத்தன் பிந்தக் கூடாது. எல்லாரும் ஒண்ணாத் திருப்பணும். இல்லன்னா சுவர் வாயைப் பிளந்துடும்" என்று ஆட்களிடம் சொல்லுவார். வீட்டில் இதைச் சொல்ல மாட்டார். வீட்டில் அண்ணி ஒரு பக்கம் திருப்பினால் அவர் இன்னொரு பக்கம் திருப்புவார்.

ஊரில் அவருக்கு ஜாக்கி மேஸ்திரி என்று பெயர். எங்கே போனாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்ப்பார். சாப்பாட்டு மேசையைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார். நான் தைத்து வைத்த ரவிக்கையைக்கூட ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இடது தோள் இறங்கியிருக்கு" என்றார். "அந்தம்மாவுக்குத் தோளே அப்படித்தான் அண்ணா" என்றேன். அதற்கு ஒரு ஜாக்கி வைக்க முடியாதே என்று வருத்தப்பட்டது போல இருந்தது அவர் முகம்.

எங்கள் தெரு கடலை ஒட்டியது. மழைக்காலத்தில் ஒரு பக்கம் ஆறு வழிந்து வரும், இன்னொரு பக்கம் கடல் ஏறி வரும். இரண்டும் சந்தித்துப் பேச எங்கள் தெருவைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தன. அதனால் அண்ணனுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஊருக்கு வெள்ளம் என்றால் அவருக்கு வெள்ளாமை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாலு பேர் வீட்டைத் தூக்கச் சொல்லி வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்கூடத் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் விற்பவர். அவர் முதன்முதலில் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வாசல் அறையில் தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தேன்.

"எதிர்வீட்டை எவ்வளவு ஏத்தினே, மேஸ்திரி?"

"ஜன்னல் மட்டத்துக்கு."

"அப்ப எனக்கு அதைவிட ஒரு வரிசை செங்கல் கூடப் போட்டுத் தூக்கு."

"அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வராது சார்."

"தண்ணியை யாருப்பா கேட்டா?" என்றார் அவர்.

ஐஸ் கம்பெனிக்காரர் வீடு உயர்ந்ததும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அடுத்த மழைக்குப் பிறகு அவர் வந்தார். அவருக்குப் பின் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கடல் எவ்வளவு வரும் என்று கடலுக்கே தெரியாது. பக்கத்து வீடு எவ்வளவு உயரம் என்பது எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவு வைத்துக்கொள்ள அதுதான் வசதி. இப்படியே போய், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் பெண்களைப் போல ஆகிவிட்டது எங்கள் தெரு.

எங்கள் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜாக்கிகள் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டுக்கு அடியில் இருந்தன. "இந்த வேலை முடியட்டும், அடுத்தது நம்ம வீடுதான்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றிலும் எல்லா வீடும் உயர்ந்துவிட்டதால், தெருவில் விழும் தண்ணீர் எல்லாம் போக்கிடம் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்பு கணுக்கால் வந்த தண்ணீர் இப்போது முழங்கால் வந்தது.

"ஊரையெல்லாம் மேல தூக்கி விட்டுட்டு நம்மளைக் கிணத்துல இறக்கி விட்டுட்டீங்க" என்பாள் அண்ணி.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. பெரிய சிமென்ட் தொட்டிகள், சோப்பு நுரை, வழுக்கும் தரை, நாள் முழுக்க ரப்பர் செருப்புக்குள் ஈரம். அவள் கால் விரல்களுக்கு நடுவே எப்போதும் வெள்ளை பூத்திருக்கும். "பகலெல்லாம் தண்ணியில நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா காய்ஞ்ச தரையில காலை வைக்கணும். நான் வேற என்ன கேட்டேன்? நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா?" இதுதான் அவளுடைய ஒரே கோரிக்கை. இன்னொரு தேவையும் அவளுக்கு உண்டு. அதை அவள் கேட்டதில்லை, ஏனென்றால் அது தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. பேச்சு. வேலையிலிருந்து வந்து பையை வைத்ததும் பின்வாசலில் போய் நிற்பாள். ஐஸ் கம்பெனி வீட்டம்மா மேலே ஜன்னலில் வருவாள். வீடுகள் உயர உயர அண்ணி கழுத்தை நிமிர்த்திக்கொண்டே போனாள், பேச்சு மட்டும் குறையவில்லை.

அந்த வருடம் மழை பகலிலேயே வந்துவிட்டது. அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். நான் மிஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, அதற்குப் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டபோது, சமையலறையின் பின்சுவர் அலுத்துப்போனது போல மெல்ல வெளியே சாய்ந்து படுத்துவிட்டது. அடுப்பிலிருந்து பார்த்தால் கடல் தெரிந்தது.

அண்ணனும் அண்ணியும் இடுப்பளவு தண்ணீரில் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் விழுந்த சுவர் வழியாக வெளியே பார்த்தார். ஐஸ் கம்பெனிக்காரர் வீடு காய்ந்து நின்றது. "பார்த்தியா" என்றார் அண்ணியிடம், உண்மையான சந்தோஷத்தோடு. "அங்க ஒரு சொட்டு உள்ள போகல."

அண்ணி தண்ணீரில் மிதந்து வந்த எங்கள் வாணலியைப் பிடித்து ஆணியில் மாட்டினாள்.

தண்ணீர் வடிந்ததும் அரசாங்கத்திலிருந்து ஒரு ஆபீசர் அம்மா வந்தார். சின்ன வயதுதான், மெதுவான குரல். ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். கீழே ஈரம், சுற்றிலும் உருகும் ஐஸ், எல்லோருக்கும் குளிர். கரையோரத்தில் இனிமேல் வீட்டைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றார் அவர். உள்ளே தள்ளி மேட்டில் புதுக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். சுவர் விழுந்தவர்கள் உடனே போய்த் தற்காலிகமாகத் தங்கலாம். அங்கேயே இருக்க விரும்பினால் கரையோர வீட்டை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் திரும்பி வரக் கூடாது என்பதற்காக அதை இடித்துவிடுவார்கள்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். ஆபீசர் அம்மாவும் பார்த்தார். "நீங்கதானே வீடு தூக்குறவர்? நீங்க சொன்னா கேப்பாங்க. சொல்லுங்க சார்."

அண்ணனை சார் என்று யாரும் கூப்பிட்டதில்லை. எழுந்து நின்றார். அவர் கஷ்டம் எனக்குத் தெரிந்தது. போகலாம் என்று சொன்னால் நாளைக்கு யார் வீட்டைத் தூக்கச் சொல்வார்கள்? தூக்கினவனே ஓடிவிட்டான் என்று சிரிப்பார்கள். இருக்கலாம் என்று சொன்னால், பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். மேட்டு வீட்டைப் பற்றிச் சொன்னபோது, "அங்க தரை காய்ஞ்சிருக்குமா?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டிருந்தாள்.

"மேடம்," என்றார் அண்ணன், "கடல் வரட்டும். கீழாலே வரும், கீழாலே போகும். நாம மேல இருப்போம்."

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது. அண்ணி தட்டவில்லை. என் காதருகே குனிந்து, "பேச்சு நல்லாத்தான் இருக்கு. எந்த வீட்டு மேல நின்னு பேசுறாரு?" என்றாள்.

அதே கேள்வியை ஐஸ் கம்பெனிக்காரர் உரக்கவே கேட்டுவிட்டார். "எல்லாம் சரி மேஸ்திரி. உன் வீடு மட்டும் ஏன் பள்ளத்துல கிடக்கு? ஊருக்குத்தான் உபதேசமா?"

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் அறிவித்தார். "நம்ம வீட்டைத் தூக்கப் போறேன். வேற எந்த வேலையும் எடுக்கப் போறதில்ல."

"தூக்குங்க. அதுவரைக்கும் நாங்க எங்க இருக்கிறது?" என்றாள் அண்ணி.

"மேட்டுல தற்காலிகமாத் தர்றாங்களே, அங்க இருங்க. வேலை முடியிற வரைக்கும்தான்."

"வேலை முடியிற வரைக்கும்தானே?" என்றாள் அண்ணி. எந்த வேலை, யாருடைய வேலை என்று அவள் கேட்கவில்லை.

மேட்டுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. சுவரில் கை வைத்தால் சிமென்ட் மாவு ஒட்டும். ஒரு அறையில் இருமினால் அடுத்த அறை பதிலுக்கு இருமும். எங்கள் வரிசையில் நாங்கள்தான் முதலில் வந்தோம். அண்ணி வந்ததும் வராததுமாகத் தரையை ஈரத் துணியால் துடைத்தாள். பிறகு சுவரோரமாக நின்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பைக் கழற்றி, பாதத்தை வைத்துப் பார்த்து, "காய்ஞ்சிடுச்சு" என்றாள், யாரோ ஊரிலிருந்து வந்துவிட்டார்கள் என்பதைப் போல. அப்படியே வெறுந்தரையில் படுத்துத் தூங்கினாள்.

அண்ணன் எங்கள் வீட்டைத் தூக்கியதைப் போல வேறு எதையும் தூக்கியதில்லை. இருப்பதில் நல்ல ஆட்களைப் பொறுக்கி எடுத்தார். அவசரப்படுத்த வீட்டுக்காரர் யாரும் இல்லை என்பதால் ஆசை தீர ஊதினார். விழுந்த சுவரை மறுபடி கட்டி, நீலச் சாயம் அடித்து, ஜன்னல்களுக்குப் புதுக் கொக்கி போட்டார். ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டைவிட ஒரு வரிசை உயரம். ஐஸ் கம்பெனிக்காரர் தண்ணீர் நிரப்பின குழாயைக் கொண்டுவந்து இரண்டு வாசற்படிக்கும் நடுவே பிடித்து மட்டம் பார்த்து, குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அண்ணனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்தது. அண்ணி இறங்கி வரவில்லை.

"பெயின்ட் வாசனை போகட்டும்" என்றாள். வாசனை போனது. "ஆஸ்பத்திரியில லீவு தர மாட்டேங்குறாங்க, சாமான் கட்டணுமில்ல" என்றாள். எங்களிடம் இருந்த சாமானைக் கட்ட அரை மணி நேரம் போதும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். அவர் நீல வீட்டில் தனியாகப் படுக்கப் பிடிக்காமல் தினமும் பொழுது சாயும்போது பஸ் ஏறி மேட்டுக்கு வந்துவிடுவார். காலையில் யாரும் பார்ப்பதற்கு முன் இறங்கிப் போய்விடுவார். அவரைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, உன் வீட்டுல விளக்கே எரியலையே" என்று கேட்டாராம் ஐஸ் கம்பெனிக்காரர். "பேய்க்கு வாடகைக்கு விட்டுட்டியா?"

வீட்டைத் தூக்கச் சொல்லியிருந்த இரண்டு பேர், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அண்ணன் சாப்பாட்டை அளைந்துகொண்டே இதைச் சொன்னார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்தேன். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "மழை வரட்டும். முதல் வெள்ளத்துக்கு என் வீட்டுலதான் உட்கார்ந்திருப்பேன். தெருவே பார்க்கட்டும். நீயும் வரணும். குடும்பத்தோட இருந்தாத்தான் நம்புவாங்க" என்றார்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க போங்க. உங்க தொழில், உங்க மானம். நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் வர மாட்டேன். கரையில நீங்க இருக்கிறதுன்னா இருங்க, மேட்டுல நான் இருக்கேன். ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்தே போயிக்கிறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார், மட்டம் பார்ப்பதைப் போல. எந்தப் பக்கமும் கோணல் தெரியவில்லை போல, எழுந்து போய்விட்டார்.

மழை வந்தது. அண்ணன் ஒரு ஸ்டவ்வும் ஒரு நாற்காலியும் ஒரு வாரத்துக்கு வேண்டிய சாமானும் எடுத்துக்கொண்டு கீழே போனார். ஆறும் கடலும் வழக்கம் போலச் சந்தித்துக்கொண்டன. இந்தத் தடவை பேச நிறைய இருந்தது போல, சீக்கிரம் பிரியவில்லை.

அண்ணன் கணக்குத் தப்பவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நீல வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. அவர் தூக்கின எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை. தெருவே ஆறாக ஓடியது, வீடுகள் எல்லாம் அதன் மேல் காய்ந்து நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் நின்று அண்ணனைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர் வாசற்படி உச்சியில் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஒன்றே ஒன்றைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் கழிவறைகள் எல்லாம் பின்பக்கம், வீட்டை விட்டுத் தள்ளி, தனியாகக் கட்டியவை. வீட்டைத் தூக்கினார்கள், கழிவறையை யாரும் தூக்கவில்லை. கழிவறை உயரத்தைப் பக்கத்து வீட்டோடு யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை அல்லவா. மறுநாள் காலையில் தெரு முழுவதும் ஒவ்வொரு கழிவறையின் ஓடு மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. கையாட்டல் குறைந்தது. மத்தியானத்துக்குள் ஜன்னல்களில் யாருமே இல்லை. எல்லோரும் உள்ளே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படகில் போர்வைகள் அனுப்பினார்கள். போர்வைகளோடு அண்ணி ஏறினாள், அவளோடு நானும் ஏறினேன். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் படகு நின்று நின்று வந்தது. அண்ணன் எங்களைப் பார்த்ததும் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சொட்டு இல்ல" என்றார். "உள்ள வந்து பாரு."

"பார்க்க வேணாம். நீங்க தூக்கினது. நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையை அவள் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அண்ணனுக்கும் அது பழக்கமில்லாததால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வாங்க" என்றாள்.

அவர் ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டு ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தார். இப்போது இறங்கினால் தொழில் போச்சு, இறங்காவிட்டால் இவள் போய்விடுவாள் என்பது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது. அப்போது படகின் மறுபக்கத்திலிருந்து, துண்டைத் தலையில் போட்டுக் குறுகி உட்கார்ந்திருந்த ஒருவர் பேசினார். ஐஸ் கம்பெனிக்காரர்.

"ஏறுப்பா மேஸ்திரி. யோசனையெல்லாம் அப்புறம். எனக்கு அவசரம்."

அண்ணன் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

தண்ணீர் வடிந்தபின் மற்றவர்கள் கரைக்குத் திரும்பிப் போனார்கள். அண்ணன் போகவில்லை. ஆபீசர் அம்மாவிடம் போய்க் கரையோர வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீடு போனதற்காக அல்ல. தன் வாழ்நாளில் தூக்கின வீடுகளிலேயே நல்ல வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்பதற்காக. அண்ணி அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் அவர் காலைத் தடவிவிட்டாள். இருவரும் ஒரே பக்கம் திருப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடிக்கிற நாளில் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாகப் பார்க்கப் போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார், முகமெல்லாம் வெளிச்சம்.

"இடிக்கல" என்றார். "இடிக்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, இதை உடைக்க எனக்கு மனசு வரலன்னுட்டான். ஆபீசரம்மா உள்ள போய்ச் சுத்திப் பார்த்தாங்க. அவங்க ஆபீஸ் இருந்த இடத்துல வெள்ளம் புகுந்து எல்லாம் போயிடுச்சாம். ஜனங்களுக்குப் பக்கத்துலயே காய்ஞ்ச இடமாத் தேடிக்கிட்டு இருந்தாங்களாம்."

"அதனால?"

"நம்ம வீட்டுலதான் இனிமே அவங்க ஆபீஸ்."

போர்டும் வந்துவிட்டது. கரையோர மக்கள் இடமாற்ற அலுவலகம். நீலச் சுவருக்கு மஞ்சள் போர்டு எடுப்பாக இருந்தது. அண்ணன் அதன் மட்டத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"நம்மள இறங்குன்னு சொன்னவங்க, நாம இறங்கின இடத்துலயே ஏறி உட்கார்ந்துட்டாங்களா?" என்றாள் அண்ணி. அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தொழில் படுத்ததா என்று கேட்டால், இல்லை. மேட்டுக்குப் போகலாமா என்று விசாரிக்கக் கரையிலிருந்து ஆட்கள் அந்த ஆபீசுக்குப் படியேறி வருவார்கள். ஏறும்போதே படிகளைப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டுவார்கள், ஜன்னலில் வரும் காற்றை வாங்குவார்கள். அரசாங்கமே இங்கே வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு நமக்கு என்ன பயம் என்று இறங்கி வந்து நேரே அண்ணனைத் தேடுவார்கள். அவர் எங்கே தூங்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதற்காக இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து பஸ் ஏறினார் என்று நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஐஸ் கம்பெனிக்காரர் ஆபீசைவிட ஒரு வரிசை கூடப் போடச் சொல்லியிருக்கிறார். இப்போது கழிவறைகளையும் தூக்குகிறார்கள். அதிலும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணிக்குக் காய்ந்த தரை நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது. விரலிடுக்கில் வெள்ளைகூடக் குறைந்துவிட்டது. ஆனால் எங்கள் வரிசையில் எங்களுக்குப் பிறகு யாரும் வரவில்லை. வேலை விட்டு வந்து பையை வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நிற்பாள். எதிரே பூட்டின ஜன்னல்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து என் மிஷின் பக்கத்தில் உட்காருவாள்.

"உன்கிட்ட பேசுறதும் சுவர்கிட்ட பேசுறதும் ஒண்ணு" என்பாள். "சுவராவது திருப்பிச் சொல்லும்."

அதனால் வார விடுமுறையில் அவள் கரைக்குப் போகத் தொடங்கினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நேரே ஆபீசுக்குள் நுழைந்து, எங்கள் சமையலறையாக இருந்த அறையில் ஆபீசர் அம்மாவின் மேசை முன்னால் நிற்பாள்.

"மேடம், பக்கத்து வீட்டுக்கு ஆள் எப்ப வரும்?"

"நாங்க சொல்லிட்டுத்தான் இருக்கோம் அக்கா. யாரும் கேட்க மாட்டேங்குறாங்க."

"எங்க உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றீங்கன்னு பார்க்கிறாங்கல்ல. நீங்களும் மேல வந்துடுங்க. எங்க வரிசையே காலியா இருக்கு."

"அது குடியிருக்கிறதுக்கு மட்டும்தான் அக்கா. ஆபீஸ் வைக்க அனுமதி கிடையாது" என்றார் ஆபீசர் அம்மா, நிஜமான வருத்தத்தோடு. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

போன வாரம் நாங்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் படியேறி வந்தாள். அடுத்த தெருவில் வலை பின்னுகிறவள். அவள் வீட்டைத் தூக்க முடியாது என்று அண்ணனே சொல்லிவிட்டிருந்தார், சுவர் தாங்காது. கையெழுத்துப் போட்டுவிட்டு மேட்டுக்கு வருவதற்காகவே வந்திருந்தாள். ஆபீசர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேனா மூடி கழலவில்லை. அந்தப் பெண் அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க மேலதானே இருக்கீங்க? எப்படி இருக்கு?"

"தரையெல்லாம் அவ்வளவு காய்ஞ்சிருக்கும்மா" என்றாள் அண்ணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஒரு வாரப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். வரிசை முழுக்கப் பூட்டுத் தொங்குவதைச் சொன்னாள். இருமினால் அடுத்த அறை இருமுவதைச் சொன்னாள். உப்புத் தீர்ந்தால் கேட்க ஒரு வாசல் இல்லாததைச் சொன்னாள். பொழுது சாய்ந்தால் நாய்கூடக் குரைக்காது, குரைக்க அதற்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா என்றாள். நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், அவள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று என்னையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான் அவள் முழங்கையை மெல்லத் தொட்டேன். அவள் கவனிக்கவில்லை.

வலை பின்னுகிறவள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் பார்க்கலாம் மேடம்" என்றாள். "இன்னும் நாலு பேர் போகட்டும். நானும் வரேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேட்டு வளைவு வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இந்த வாரமும் யாரும் வரல பாரு" என்றாள்.